ஏழு மணித் தண்ணீர்

கியூம்ரியில் எங்கள் நாலாவது மாடிக்கு
மாலை ஏழுக்குத் தண்ணீர் வரும்,
எட்டுக்குப் போய்விடும்.
வருவதற்கு முன் குழாய் இருமும்,
துருநிறத்தில் இரண்டு வாய் துப்பும்,
அதற்கப்புறம்தான் தண்ணீர்.

தொட்டி நிரம்பும்வரை ஓர் ஆள் காவல் வேண்டும்.
நான் காலுறை ஆலையிலிருந்து வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
உருளைக்கிழங்கு சீவும் நேரம்.
வஹாக்னுக்கு ஐந்து வயது,
அவனை நம்பி ஒரு தம்ளரைக்கூட விட முடியாது.
ஆகவே அர்பினே.

அதற்கு முன்பே நான் தோற்றுப்போயிருந்தேன்.
குளிர்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டிப் பார்த்தேன்:
தினம் இருபது நிமிடம், படித்தால் ஒரு நட்சத்திரம்.
முதல் வாரம் ஐந்து.
அடுத்த வாரம் இரண்டு.
மிச்ச நட்சத்திரங்களை வஹாக்ன்
பூனைமேல் ஒட்டித் தீர்த்தான்.
படி படி என்று நான் சொன்னதெல்லாம்
நாலு மாடி ஏறி வந்த பிள்ளைக்கு
இன்னும் நாலு படிக்கட்டாகத்தான் கேட்டிருக்கும்.

குளியலறையில் பார்க்க என்ன இருக்கிறது?
பாசி. சோப்பு. ஆணியில் வாளி.
மூன்றாம் நாள் சலிப்பில்
அலமாரியின் குட்டைக் காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்த புத்தகத்தை உருவிக்கொண்டு போனாள்.
அட்டை இல்லை. முதல் பதினொரு பக்கங்களும் இல்லை.
எடுத்த எடுப்பில் நடுக்கடல்,
புயலில் ஒரு கப்பல்.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
தொட்டியில் ஒரு சாண் ஏறிய தண்ணீரின் பக்கத்தில்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
அவள் கடலைப் படித்தாள்.
அன்றிலிருந்து அலமாரி ஆடுகிறது.
ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு தொட்டிக்கு ஆறு பக்கம்.
பனிக்காலத்தில் குழாய் ஒல்லியாக ஒழுகும்போது
பத்துப் பக்கம்.
"இன்றைக்குத் தண்ணீர் மெதுவாக வரட்டும்" என்று
ஊரிலேயே வேண்டிக்கொண்ட ஒரே ஆள்
என் மகளாகத்தான் இருப்பாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் கதவு தடதடத்தது.
கீழ்வீட்டு ஹ்ராந்த், செருப்பு நனைந்து, முகம் சிவந்து.
ஓடிப்போய்ப் பார்த்தால்
தொட்டி விளிம்பு தாண்டி ஊற்றுகிறது,
இவள் பாதம் இரண்டையும் தூக்கி
வாளிமேல் வைத்துக்கொண்டு
பக்கம் புரட்டுகிறாள்.
அவர் கூரைக்கு வெள்ளையடிக்க
என் நாலு நாள் கூலி போயிற்று.
எங்கள் வீட்டிலேயே விலையுயர்ந்த புத்தகம் அதுதான்.
திட்ட வாயெடுத்தேன்.
"கப்பல் தரைதட்டிடுச்சும்மா" என்றாள், கண் கலங்கி.
அதற்குமேல் என்ன திட்டுவது?

மே மாதம் தெருவைத் தோண்டினார்கள்,
புதுக்குழாய் போட்டார்கள்.
எப்போது திருகினாலும் தண்ணீர்.
மாடிக்கு மாடி சிரிப்பு, கைதட்டல்.
ஹ்ராந்த் கேக் வாங்கிவந்தார்.
நான் மட்டும் கத்தியும் கிழங்குமாக
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
காவல் போய்விட்டது. இனி?

ஏழு அடித்தது.
அர்பினே தலையணையோடு போனாள்.
உலர்ந்த தொட்டிக்குள் இறங்கி
கால் நீட்டிச் சாய்ந்து
விட்ட இடத்தில் தொடங்கினாள்.
வாளி காலியாகக் கிடந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நானும் உட்கார்ந்தேன்.
கையில் அகப்பட்டது மின்கட்டண ரசீதுதான்.
முன்பக்கம் படித்தேன்.
பின்பக்கத்தின் பொடி எழுத்தையும் படித்தேன்.
பூனையைத் தூக்கிக்கொண்டு வஹாக்ன் வந்து
தொட்டியில் இடம் கேட்டான்.
அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வேற ஏதாவது கொண்டு வாம்மா"
என்றாள்,
தலை நிமிராமலே.